நாக்குக்கு அடியில் சாவி

ஞாயிற்றுக்கிழமை மதியம், ‘பக்கம்’ அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தால், வியாபாரம் இல்லை, வாசிப்பு வட்டம் உண்டு என்று அர்த்தம். வருகிறவர்கள் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். நாலு பேர் தனக்கு முன்னால் தலை குனிந்து வருவதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம் என்று பேக்கரிக்காரர் சொல்வார். அவள் காதுபடச் சொல்லமாட்டார்.

பக்கம் அக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பாள்: “பக்கம்?” சொன்னதற்கு ஆதாரமான வரியைப் புத்தகத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர் கூட்டம் கலையும்வரை வாயைத் திறக்கக்கூடாது. டீ வரும்போது சர்க்கரை வேண்டாம் என்று சொல்லக்கூட அனுமதி கிடையாது. பல் டாக்டர் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு சர்க்கரை டீயைக் குடித்துத் தொலைத்தார். சர்க்கரை நோயாளியான தன்னை இவள் கொல்லப் பார்த்தாள் என்று அடுத்த வாரம் புகார் சொன்னார். அந்தப் புகாருக்கும் அவள் பக்கம் கேட்டாள்.

அவர்கள் வருஷக்கணக்காக மென்றுகொண்டிருந்தது ஒரே ஒரு கதையை. நான்கு தடித்த புத்தகங்களாக வந்த பழைய மாயக்கதை. அதற்கு அலங்காரமான தலைப்பு ஒன்று உண்டு, ஆனால் அதன் வாசகர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. “நாலு பாகம்” என்றாலே போதும், தெரிந்தவருக்குத் தெரியும். தெரியாதவரோடு பக்கம் அக்காவுக்குப் பேச்சே கிடையாது.

நாலு பாகத்தில் வருகிற அத்தனை பேரிலும் பெரிய தலைவலி சாவிக்காரிதான். கல்நகரத்துக்கு ஏழு வாசல், ஏழுக்கும் சாவி இவளிடம். பனிப்படை மலையேறி வருகிற இரவில் நகரத்துக் குழந்தைகளையெல்லாம் ஏழாவது வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, உள்ளே நின்று பூட்டிக்கொள்கிறாள். அந்த நகரத்துக்கு ஒரு சாபம் இருக்கிறது: பூட்டிய நகரத்துக்குள் விடியலைப் பார்ப்பவர் உப்பாகிவிடுவார். “விடிந்தபோது ஏழாவது வாசலின் படியில் உப்பு இருந்தது” என்று மூன்றாம் பாகம் முடிந்துவிடும். நாலாம் பாகத்தின் நடுவில், வழி தவறிய இளவரசனுக்கு ஒரு கிழவி தண்ணீர் கொடுத்து வழி காட்டுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் யார், எங்கிருந்து வந்தாள், கதையில் ஒரு துப்பும் கிடையாது. எழுதியவரைக் கேட்கலாமென்றால் அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஊமைக் கிழவியை வைத்து வாசகர்கள் அடித்துக்கொண்ட அளவுக்குச் சொத்துக்காக அண்ணன் தம்பிகள்கூட அடித்துக்கொண்டதில்லை.

பக்கம் அக்காவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. சாவிக்காரி செத்தாள், கிழவி வேறு யாரோ. அதை அவளுக்குச் சொன்னவர் அவளுடைய அப்பா. பஸ் ஓட்டுநர். நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்த கையால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டியவர். படியில் உப்பு இருந்தது என்று அவர் வாசித்த அன்று அவள் தேம்பித் தேம்பி அழுதாள். “எழுதினது எழுதினதுதான். அழுதா மாறுமா?” என்றார் அப்பா. சில வாரம் கழித்து நாலாம் பாகத்துக் கிழவி வந்ததும், “அப்பா, இவதானே சாவிக்காரி? சாகல இல்ல?” என்று குதித்தாள். அப்பா புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தி, “எந்தப் பக்கத்துல அப்படி இருக்கு? காட்டு” என்றார். அவளால் காட்ட முடியவில்லை. அன்றைக்கு அவமானமாக இருந்தது. வளர வளர அதுவே பெருமையாகிவிட்டது. தன்னைச் சின்னப்பிள்ளை மாதிரி நடத்தாமல், நேருக்கு நேர் ஒரு வாசகியாக மதித்த மனிதர் அவர் ஒருவர்தான் என்று நினைத்தாள். கண்ணாடிக்குப் பவர் பார்க்கிற தொழிலையும் அதே பிடிவாதத்தோடுதான் செய்தாள். தெரிகிறதா, தெரியவில்லையா? தெரிகிற மாதிரி இருக்கிறது என்று யாராவது இழுத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கை விஷயத்துக்கு வருவோம். வீட்டில் வெகு காலம் கழித்துப் பிறந்தவள். அக்கா படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போன வருஷம், இந்தச் சின்னது மூட்டுக்காய்ச்சலில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தது. அப்பா அவளுக்கும் நாலு பாகம் வாசித்துக் காட்டினார். இப்போது அவள் டப்பிங் கலைஞர். கார்ட்டூன் அணில், சீரியல் வில்லி, சோப்பு விளம்பரத்து மாமியார் என்று எல்லோருக்கும் குரல் கொடுப்பவள். அப்பா இறந்ததும் அவருடைய பழைய நாலு பாகத்தை அக்கா எடுத்துக்கொண்டாள். தங்கை கேட்டபோது, “அணிலுக்கு வாய் கொடுக்கிறவளுக்கு இது எதுக்குடி?” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அப்படிப்பட்ட தங்கை அந்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. பதிப்பகம் ஒன்று நாலு பாகத்தைப் புதிதாக அச்சிடப் போகிறது. கூடவே ஒரு துணைநூல்: யார் யார், எந்த வாசல் எங்கே, எந்தச் சாபம் யாரைப் பிடிக்கும் என்றெல்லாம் விளக்கி ஒருவர் எழுத வேண்டும். நாலு பாகத்தைக் கரைத்துக் குடித்தவள் பக்கம் அக்காதான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் பதிப்பாசிரியை ஒரு நூலக விழாவில் தங்கை நாலு பாகத்திலிருந்து வாசித்ததைக் கேட்டுவிட்டாள். கேட்டவளுக்கு மனசு ஆடிவிட்டது. இரண்டு பேரும் சாவிக்காரியைப் பற்றிப் பேசட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்திருந்தாள்.

பக்கம் அக்காவுக்கு அது வெறும் புத்தகம் அல்ல. அப்பாவின் வாசகி நான்தான் என்று அட்டையில் அச்சடித்துத் தருகிற அத்தாட்சி. அதை அணில் குரலிடம் தூக்கிக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

வட்டம் கூடுவது மாடியில், கண் பரிசோதிக்கிற அறையில். சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்து அட்டை, மூலையில் லென்ஸ் பெட்டிகள், நோயாளி உட்காரும் உயர்ந்த நாற்காலி. அந்த நாற்காலியில் பக்கம் அக்காதான் உட்காருவாள். பேக்கரிக்காரர் கொண்டுவந்த பன் பெட்டியை யாரும் தொடவில்லை. காற்று அப்படி இருந்தது.

“நீயே முதல்ல பேசு. உனக்குத்தான் வாய் தொழில்” என்றாள் அக்கா.

தங்கை அந்தக் குத்தலைக் காதிலேயே வாங்கவில்லை. புத்தகத்தைப் பிரித்து நாலாம் பாகத்துக் கிழவியை எடுத்தாள். “இளவரசன் பேர் கேட்கிறான். கிழவி தலையை மட்டும் ஆட்டுறா. அவன் அழுறான். கிழவி வாயைத் திறக்காம சிரிக்கிறாள்னு இருக்கு. அவனுக்குத் தண்ணி கொடுக்கிறா, தான் குடிக்கிறதில்ல.” ஒவ்வொன்றுக்கும் பக்க எண் சொன்னாள். அக்கா கண்கொத்திப் பாம்பாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது.

“ஊமைன்னு எங்கயாவது எழுதியிருக்கா? இல்ல. பேசலைன்னுதான் எழுதியிருக்கு. வாயைத் திறக்க முடியாதுன்னா வாயில என்னமோ இருக்கு. என்ன இருக்கும்?” தங்கை புத்தகத்தை மூடினாள். குரலைத் தாழ்த்தினாள். “மூணாம் பாகத்துல, வாசலைப் பூட்டினதும் சாவிக்காரி என்ன பண்றா? ஏழாவது சாவியை நாக்குக்கு அடியில வெச்சுக்கிறா. சாவி வாயில இருக்கிறவளுக்கு அது பூட்டின நகரமே இல்லையே! எப்ப வேணா திறப்பா. அப்புறம் சாபம் எப்படிப் பிடிக்கும்?”

“அட!” என்றார் பேக்கரிக்காரர்.

“ஆமா ஆமா, நாக்குக்கு அடியில சாவி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றார் பல் டாக்டர், தொழில் பாசத்தில்.

“படியில உப்பு இருந்துச்சே?” என்றாள் பதிப்பாசிரியை, எழுதுவதை நிறுத்திவிட்டு.

“உப்பு இருந்துச்சுன்னுதான் இருக்கு. யார் உப்புன்னு இல்ல. விடிய விடிய அழுதா உப்பு மிஞ்சாதா?”

பதிப்பாசிரியையின் கண் லேசாகக் கலங்கியிருந்ததை அக்கா பார்த்தாள். துணைநூல் தன் கையை விட்டுப் போகிறது என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் நாலு பாகம் முழுவதையும் மனசுக்குள் ஒரு ஓட்டு ஓட்டினாள். நாக்கு, சாவி, நாக்கு, சாவி. இல்லை. சத்தியமாக இல்லை.

“பக்கம்?” என்றாள்.

“என்ன?”

“நாக்குக்கு அடியில சாவி. எந்தப் பக்கம்?”

தங்கை சிரித்துக்கொண்டே மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை எடுத்தாள். விரலால் வரி வரியாக இறங்கினாள். சிரிப்பு வரிக்கு வரி குறைந்தது. பின்னால் போனாள், முன்னால் வந்தாள். பல் டாக்டரும் தன் புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே சொல்லாதவர் மாதிரி எழுத்து அட்டையைப் பார்க்க ஆரம்பித்தார்.

“இது புதுப் பதிப்பு. இதுல விட்டுட்டாங்க” என்றாள் தங்கை.

“எந்தப் பதிப்புலயும் ஒரு வரிகூட எடுக்கலைங்க. எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கோம்” என்றாள் பதிப்பாசிரியை சங்கடத்தோடு.

“அப்பாவோட புத்தகத்துல இருக்கும்.”

இதற்காகவே காத்திருந்தவள் போல அக்கா நாற்காலியை விட்டு இறங்கினாள். லென்ஸ் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து, துணி சுற்றிய மூன்றாம் பாகத்தை எடுத்தாள். துணியைப் பிரித்துத் தங்கையின் மடியில் வைத்தாள். “அப்பா புத்தகம்தான். நல்லாத் தேடு. கண்ணு தெரியலைன்னா சொல்லு, பவர் பார்த்துடறேன்.”

அப்பா இறந்த பிறகு தங்கை அந்தப் புத்தகத்தைத் தொடுவது இதுதான் முதல் தடவை. அவள் தேடவில்லை. நேராக அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். வாசல் சாத்திக்கொண்டது என்ற வரி. அடுத்து இரவு நீண்டது என்ற வரி. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“இங்கதான்” என்றாள். இப்போது அது எந்தக் கதாபாத்திரத்தின் குரலும் இல்லை. “இந்த இடத்துல விரலை வெச்சு வாசிச்சாரு. எனக்குக் காய்ச்சல்ல கண்ணு எரியும், எழுத்து தெரியாது. விரல்தான் தெரியும். அவ சாவியை நாக்குக்கு அடியில வெச்சாள்னு நிறுத்தி நிறுத்தி வாசிச்சாரு. அந்தக் கிழவி வந்தப்போகூட, ‘ஏன் பேசலை, சொல்லு பார்ப்போம்’னு என்னைத்தான் கேட்டாரு.”

“அப்படின்னா உங்கப்பா சொந்தமா…” என்று ஆரம்பித்த பேக்கரிக்காரர், அக்காவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கிவிட்டார்.

“பக்கம் இல்லை” என்றாள் அக்கா. “விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். பக்கம் காட்டாதவங்க கூட்டம் முடியறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

“விடுங்கக்கா, கூடப் பொறந்தவங்க…” என்றார் பல் டாக்டர்.

“உங்களுக்குச் சர்க்கரை டீ போடச் சொல்லவா?”

அவர் அடங்கினார். தங்கை வாயைத் திறந்தாள். பிறகு எதையோ முடிவு செய்தவள் போல மூடிக்கொண்டாள். புத்தகத்தைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தாள்.

அக்கா பேசினாள். இத்தனை வருஷம் சேர்த்துவைத்ததை ஒரு சறுக்கல் இல்லாமல் பேசினாள். சாபம் முதலில் எங்கே வருகிறது, அது தவறாமல் பலித்த இடங்கள் எவை, கிழவியின் நடையும் சாவிக்காரியின் நடையும் எப்படி வேறு, எல்லாவற்றுக்கும் பக்கம். பதிப்பாசிரியை குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தாள். எதிர்க் கேள்வி எழுப்ப ஆள் இல்லை.

ஆனால் வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, மனசு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கிழவி நாலாம் பாகத்தில் வருகிறாள். அவள் வாயில் இருக்கிற சாவியை மூன்றாம் பாகத்திலேயே வைக்க வேண்டுமானால், வாசிப்பதற்கு முன்பே அப்பா யோசித்திருக்க வேண்டும். பஸ் ஓட்டிக்கொண்டே, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் யோசித்திருப்பார். இவ்வளவு கச்சிதமான ஒரு வரியை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு என்று என்னிடம் கேட்ட மனிதர், அவளுக்காக இல்லாத வரியை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார். அவள் அழக்கூடாது என்று கதையையே மாற்றியிருக்கிறார். நானும் அதே வீட்டில்தான் அழுதேன். எனக்கு உப்பு, அவளுக்குச் சாவியா?

பொறாமைதான். அதைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது. நாலு பாகத்தில் தனக்குத் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. நாக்குக்கு அடியில் சாவி வைத்தவள் எப்படி வெளியே வந்தாள்? வாசலைத் திறந்தபோது பனிப்படை என்ன செய்தது? அப்பா அதையும் வாசித்திருப்பார்.

“இதுக்கு மேல என்ன மேடம் பேசறது? துணைநூல் உங்களோடதுதான்” என்றாள் பதிப்பாசிரியை. பேக்கரிக்காரர் கை தட்டினார், ஆனால் அந்தத் தட்டலில் உயிர் இல்லை.

தங்கை எழுந்து பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஜெயித்தவள் பின்னால் ஓடுவதாவது! ஆனால் கால் கேட்கவில்லை. கீழே, கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாகத் தொங்கிய சுவருக்குப் பக்கத்தில் தங்கையைப் பிடித்துவிட்டாள்.

“ஏய், நில்லுடி.”

தங்கை நின்றாள். திரும்பினாள்.

“அப்புறம் என்ன ஆச்சு?”

தங்கை தோளில் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

“அப்பா அதுக்கப்புறம் என்ன வாசிச்சாரு? அவ எப்படி வெளியே வந்தா? குழந்தைங்களைத் திரும்பப் பார்த்தாளா?” அவளுக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரல். “சொல்லிட்டுப் போ.”

தங்கை அவளையே பார்த்தாள்.

“சரி, விதியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பேசு. நான்தானே சொல்றேன், பேசு!”

தங்கை வாயைத் திறக்காமல் சிரித்தாள். பிறகு ஆள்காட்டி விரலால் மாடியைக் காட்டினாள். கூட்டம் இன்னும் முடியவில்லை. அந்த விரலை அப்படியே இறக்கித் தன் உதட்டின் மேல் வைத்தாள். கண்ணில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. வந்தபோது குனிந்து வந்தவள், போகும்போது குனியவில்லை. ஷட்டரைச் சடசடவென்று உச்சிவரை தூக்கிவிட்டு, தெரு வெயிலில் நேராக நடந்து போனாள்.

கடை முழுக்க வெளிச்சம் கொட்டியது. வியாபாரம் உண்டு என்று நினைத்து யாரோ ஒருவர் எட்டிப் பார்த்து, “கண்ணாடி ரெடியா?” என்று கேட்டார். பக்கம் அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல் மாடியேறினாள்.

துணி சுற்றிய புத்தகம் தங்கை வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பதிப்பாசிரியை பேனாவைத் திறந்துகொண்டு, “முதல் பதிவே சாவிக்காரிதான் மேடம். ‘மூன்றாம் பாகத்தின் முடிவில் இறந்தாள்’னு போட்டுடலாமா?” என்று கேட்டாள்.

“போடுங்க” என்றாள் பக்கம் அக்கா. “எழுதினது எழுதினதுதான். அழுதா மாறுமா?”

யார் அழுதது என்று தெரியாமல் பேக்கரிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பல் டாக்டரைப் பார்த்தார், பதிப்பாசிரியையைப் பார்த்தார். கடைசியில் உயர்ந்த நாற்காலியைப் பார்த்தார். பார்த்ததும் பன் பெட்டியைத் திறந்து, அதற்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.